கோட்டை வரைவது எப்படி?

ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்தாச்சா? இப்போது ஒரு கோட்டை வரையுங்கள். நம்ம ஊர்க் கோட்டை வேண்டாம். ஐரோப்பிய ராஜா ராணிக் கதைப் புத்தகங்களில் வருமே, அந்த மாதிரி.

எனக்கெல்லாம் படம் வராது சார் என்று நழுவாதீர்கள். ரொம்ப சுலபம். நடுவே ஒரு பெரிய செவ்வகம். அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் உயரமாக இரண்டு செவ்வகம். அவற்றின் தலையில் ஆளுக்கொரு கூம்புத் தொப்பி. மதில் உச்சியில் பல் பல்லாக ஒரு கோடு. நடுவில் வளைவான வாசல். கீழே வளைந்து வளைந்து நீலக் கலரில் தண்ணீர். உச்சியில் ஒரு கொடி. முடிந்தது கதை. கலர் அடித்துவிட்டால் மார்க் வாங்கிவிடலாம்.

நமக்கு இரண்டு மலை, நடுவில் சூரியன், மேலே நாலு காக்கா என்றால், இங்கிலாந்து, அமெரிக்கக் குழந்தைகளுக்கு இந்தக் கோட்டை. ஆரம்பப் பள்ளி ஓவிய வகுப்பில் இது ஒரு நிரந்தர ஐட்டம். ஆசிரியர்களுக்கு இதைப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. சதுரம், செவ்வகம், முக்கோணம், வட்டம் என்று நாலே நாலு வடிவங்கள் தெரிந்தால் போதும், ஆறு வயதுப் பொடியன்கூடக் கம்பீரமாக ஒரு கட்டடம் எழுப்பிவிடுவான். வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைப்பாள்.

இந்த டெக்னிக் ஒன்றும் புதிதல்ல. 13-ம் நூற்றாண்டில் பிரான்ஸில் வில்லார் தெ ஒன்னெகூர் என்று ஒரு மனிதர் இருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததையெல்லாம் ஆட்டுத்தோலில் வரைந்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த நோட்டுப் புத்தகத்தின் 33 ஏடுகள் இன்றும் பாரிஸில் தேசிய நூலகத்தின் வசம் இருக்கின்றன. அதில் சில பக்கங்களில் மனித முகம், ஆடு, குதிரை என்று வரைந்து, ஒவ்வொன்றுக்குள்ளும் முக்கோணம், சதுரம், நட்சத்திரம் போட்டுக் காட்டியிருக்கிறார். முதலில் இந்த வடிவத்தைப் போடு, அப்புறம் அதன் மேல் உருவத்தைக் கொண்டுவா என்கிற பாடம்தான். ஆக, நம்ம டிராயிங் மாஸ்டர்களுக்கு 800 வருடப் பாரம்பரியம் இருக்கிறது.

சரி, உங்கள் படத்தைக் கொண்டாருங்கள், திருத்துவோம். உங்களை மட்டம் தட்டுவதற்காக இல்லை. நீங்கள் யோசிக்காமல் போட்ட ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அது தெரிந்தால் கோடு தானாகவே வேறு மாதிரி வரும். தவிரவும், உங்கள் படத்தில் ஒரு முக்கியமான சமாசாரம் விட்டுப்போயிருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கூம்புத் தொப்பி.

கூம்புக் கூரை போட்ட கோட்டைகள் இடைக்கால பிரான்ஸில் நிஜமாகவே இருந்தன. ஆனால், நீங்கள் வரைந்திருக்கும் வெள்ளை வெளேர் மாளிகை, ஊசி மாதிரி வானத்தைக் குத்தும் கோபுரம், இவை அங்கிருந்து வந்தவை அல்ல. ஜெர்மனியில் பவேரியா என்கிற பகுதியை ஆண்ட இரண்டாம் லுத்விக் என்கிற ராஜா 1869-ல் மலை உச்சியில் கட்ட ஆரம்பித்த நொய்ஷ்வான்ஷ்டைன் என்கிற மாளிகையிலிருந்து வந்தவை. வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, விட்டுவிடுங்கள். 1869 என்கிற வருடத்தை மட்டும் கவனியுங்கள். ரயில் வந்தாகிவிட்டது. தந்தி வந்தாகிவிட்டது. கோட்டைச் சுவர்களைப் பீரங்கிகள் செல்லாக்காசாக்கி சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அந்த மாளிகைக்கு ஒரு எதிரியும் கிடையாது.

லுத்விக்குக் கனவு காண்கிற ஜாதகம். பழைய வீரக் கதைகளிலும் வாக்னரின் இசை நாடகங்களிலும் மூழ்கிக் கிடந்தவர். தன் கனவு மாளிகைக்குப் படம் போடச் சொல்லி அவர் கூப்பிட்டது யாரைத் தெரியுமா? கிறிஸ்டியன் யாங்க் என்கிற நாடக மேடை ஓவியரை. நம்ம பாஷையில் சொன்னால் செட் போடுகிறவர். அவர் வரைந்து கொடுத்த காட்சியைப் பார்த்துத்தான் கட்டடக் கலைஞர்கள் வேலை செய்தார்கள். 1886-ல் ராஜா செத்துப்போனார். கட்டடம் முடியவில்லை. சில வாரங்களிலேயே டிக்கெட் போட்டு ஜனங்களை உள்ளே விட ஆரம்பித்துவிட்டார்கள். 1955-ல் கலிஃபோர்னியாவில் வால்ட் டிஸ்னி திறந்த டிஸ்னிலாண்டின் நடுவே நிற்கும் கோட்டைக்கு அதுதான் முன்மாதிரி. அங்கிருந்து டி.வி., அங்கிருந்து ஸ்கூல் பேக், பென்சில் பாக்ஸ், கடைசியில் உங்கள் தாள்.

ஆக, உங்கள் கோபுரத்தின் தலையில் இருப்பது ஒரு நாடக செட்டின் தொப்பி. ரப்பர் எடுத்து அழித்துவிடுங்கள்.

அடுத்து, மதில் உச்சியில் பல் பல்லாக வரைந்தீர்களே, அது. நிறைய குழந்தைகள் இதை ஏதோ ஜரிகை பார்டர் மாதிரி ஒப்பேற்றிவிட்டுப் போய்விடும். உண்மையில் அது ஓர் ஆள் அளவு. ஒவ்வொரு பல்லுக்குப் பின்னாலும் ஒரு வீரன் நிற்பான். அம்பை நாணில் பூட்டும் வரை பல்லுக்குப் பின்னால். எய்யும் ஒரு கணம் மட்டும் இடைவெளியில். மறுபடி பல்லுக்குப் பின்னால். எனவே பல் ஓர் ஆளை மறைக்கிற உயரம், இடைவெளி அவன் இடுப்பளவு. முதலில் அந்த ஆளை வரைந்துவிட்டால் பல்லின் சைஸ் தானாக வந்துவிடும். அதிலிருந்து மதிலின் சைஸும் வந்துவிடும்.

கீழ்த்தளத்தில் அழகாக ஜன்னல் போட்டிருக்கிறீர்களா? ஐயோ பாவம், அந்த வழியாக எதிரி உள்ளே குதித்து ஒரு மாமாங்கம் ஆகிவிட்டது. அங்கே நெட்டுக்குத்தாக ஒரு கோடு, அவ்வளவுதான். அம்பு விடுகிற சந்து. வெளியே இருந்து பார்த்தால் விரல்கடை அகலம்தான் தெரியும். உள்ளே போனால் சுவரின் கனத்தில் அது விரிந்துகொண்டே வந்து, ஓர் ஆள் வில்லோடு நின்று இடமும் வலமும் குறி பார்க்கிற அளவுக்கு இருக்கும். வெளியே இருப்பவனுக்குக் கோடு, உள்ளே இருப்பவனுக்கு அறை.

இந்த இடத்தில் வகுப்பில் யாராவது ஒரு வாண்டு எழுந்து, கொதிக்கிற எண்ணெயை மேலேயிருந்து ஊற்றுவார்களே, அதை வரையட்டுமா என்று கேட்கும். வேண்டாம் கண்ணு. அந்தக் காலத்தில் எண்ணெய் விலை அதிகம். முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டவன் இருக்கிற எண்ணெயை எதிரி தலையில் கொட்டுவதற்கு முன் ஒன்றுக்குப் பத்து முறை யோசிப்பான். கல், வெந்நீர், சுடுமணல். இதெல்லாம் மலிவு.

மூன்றாவது திருத்தம், கோபுரம். சதுரமாகப் போட்டீர்களா, வட்டமாகவா? இரண்டும் இருந்தன. ஆனால் சதுரத்திலிருந்து வட்டத்துக்கு ஏன் போனார்கள் என்பதை, லண்டனுக்குக் கிழக்கே ராச்செஸ்டர் என்கிற ஊரில் இருக்கும் கோட்டையின் முன்னால் நின்றால் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளலாம்.

நூறடிக்கு மேல் உயரம். 12-ம் நூற்றாண்டில் கட்டியது. நாலு மூலையிலும் நாலு கோபுரம். அதில் மூன்று சதுரம். தென்கிழக்கு மூலையில் இருப்பது மட்டும் உருண்டை. கொத்தனாருக்குக் கணக்கு தப்பிவிட்டதா?

இல்லை. 1215. அந்த வருடம்தான் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைத்தார். வைத்த சில மாதங்களிலேயே அதை மறுத்தார். பிரபுக்கள் கலகத்தில் இறங்க, ஒரு கோஷ்டி இந்தக் கோட்டைக்குள் புகுந்து கதவை அடைத்துக்கொண்டது. மன்னர் வெளியே முற்றுகை போட்டார். கல்லெறியும் பொறிகளை வைத்து அடித்துப் பார்த்தார். சுவர் அசையவில்லை. எனவே பூமிக்கு அடியில் போனார். தென்கிழக்கு மூலைக் கோபுரத்தின் அஸ்திவாரத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டி, மேலே உள்ள பாரத்தை மரக்கட்டைகளால் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். பிறகு தன் அதிகாரிக்கு ஓர் அவசர உத்தரவு அனுப்பினார்: 40 பன்றிகள் வேண்டும். நல்ல கொழுத்ததாக. சாப்பிட லாயக்கில்லாததாக இருந்தாலும் பரவாயில்லை.

விருந்துக்கு இல்லை. பன்றிக் கொழுப்பு பிரமாதமாக எரியும். சுரங்கத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். முட்டுக்கட்டைகள் எரிந்து சாம்பலாக, மேலே நின்ற கோபுர மூலை அப்படியே உட்கார்ந்து சரிந்தது. உள்ளே இருந்தவர்கள் கட்டடத்தின் குறுக்குச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு அப்புறமும் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் சாப்பாடு தீர்ந்துதான் சரணடைந்தார்கள்.

பிற்பாடு அந்த மூலையை மறுபடி கட்டியபோது உருண்டையாகக் கட்டினார்கள். சதுரத்துக்கு மூலை உண்டு. மூலைக் கல்லைப் பெயர்த்தால் பக்கத்தில் இருப்பதும் சேர்ந்து வரும். தவிர, மூலைக்கு நேர் கீழே ஒருவன் ஒண்டிக்கொண்டால் மேலே இருப்பவனுக்குத் தெரியாது. வட்டத்தில் ஒளிய இடமில்லை. வடிவியல் பாடத்தைப் பன்றிகளை விட்டு நடத்திய ஒரே மன்னர் ஜானாகத்தான் இருக்கவேண்டும்.

நாலாவது, நீலக் கலர் தண்ணீர். அகழி. முதலை போட்டிருந்தால் அழித்துவிடுங்கள், இங்கிலாந்துக் குளிருக்குத் தாங்காது. நீந்தி வருபவனைத் தடுப்பது அகழியின் வேலைகளில் ஒன்றுதான். இப்போது பன்றிக் கதை தெரிந்துவிட்டதால் இன்னொரு வேலையை நீங்களே சொல்லிவிடுவீர்கள். தண்ணீருக்கு அடியில் சுரங்கம் தோண்டினால் தோண்டுகிறவன் தலையிலேயே தண்ணீர் இறங்கும்.

இந்த நாலு திருத்தங்களையும் ஒருசேரப் பார்க்கவேண்டுமானால் வேல்ஸுக்குப் போகவேண்டும். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்தார். பிடித்ததைத் தக்கவைக்க வரிசையாகக் கோட்டைகள் கட்டினார். அதில் கடைசி, ஆங்கில்சீ தீவில் போமாரிஸ். 1294-ல் வேல்ஸ் மக்கள் பெரிய கிளர்ச்சி செய்தார்கள். மறு வருடமே வேலை ஆரம்பமாகிவிட்டது. மதிலுக்குள் மதில், சுற்றிலும் உருண்டைக் கோபுரங்கள், அகழியில் தண்ணீர், நேராகக் கப்பல் வந்து நிற்க ஒரு துறை. இடமும் வலமும் கண்ணாடியில் பார்த்தது போல ஒரே அளவு. குழந்தைகள் ஸ்கேல் வைத்து வரைய இதைவிட உத்தமமான கோட்டை கிடையாது.

நான் பி.காம். படித்தவன். கோட்டையைப் பார்த்தால் முதலில் பில்லைத் தேடுகிற புத்தி. தேடியவரை ஏமாற்றவில்லை. 1296 பிப்ரவரியில் கட்டுமானத் தலைவர் மாஸ்டர் ஜேம்ஸும் கணக்கரும் சேர்ந்து அரசாங்கக் கஜானாவுக்கு எழுதிய ஒரு கடிதம் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஒரு வாரத்தில் இவ்வளவு பணம் எங்கே போகிறது என்று நீங்கள் ஆச்சரியப்படலாம் என்று ஆரம்பித்துப் பட்டியல் போடுகிறார்கள். கல் கொத்துகிறவர்களும் அடுக்குகிறவர்களுமாக 400 பேர். சிற்றாட்கள் 2,000 பேர். கல் உடைக்க 200 பேர். கொல்லர்கள் 30. வண்டிகள் 160. படகுகள் 30. கூலி பாக்கி ஏகப்பட்டது நிற்கிறது, ஆட்களைப் பிடித்துவைப்பதே பெரும்பாடு என்று புலம்பல் வேறு. கடைசியில், ஆண்டவன் பேரைச் சொல்லிக் கேட்கிறோம், சீக்கிரம் பணம் அனுப்புங்கள் என்கிற கெஞ்சல். 700 வருடத்துக்கு முந்தைய சைட் இன்ஜினீயரின் குரல். நேற்று எழுதியது மாதிரி இல்லை?

பணம் போதவில்லை. எட்வர்டின் கவனமும் பொக்கிஷமும் ஸ்காட்லாந்து யுத்தத்தின் பக்கம் போயின. போமாரிஸ் முடியவே இல்லை. இன்றும் கோபுரங்கள் பாதி உயரத்தில் மொட்டையாக நிற்கின்றன. கூம்புத் தொப்பிக்கு வாய்ப்பே இல்லை.

அந்தப் பட்டியலில் இடம்பெறாத ஒரு செலவு உண்டு. கோட்டைக்குப் பக்கத்தில் லான்வைஸ் என்று ஓர் ஊர் இருந்தது. வேல்ஸ் மக்களின் துறைமுகம். சந்தை, மீன்பிடிப்பு, வியாபாரம் என்று ஓஹோவென்று இருந்த ஊர். புதுக் கோட்டையோடு சேர்த்து ஆங்கிலேயர்களுக்கென்று ஒரு புது ஊரை எட்வர்ட் திட்டமிட்டதால், இந்தப் பழைய ஊர் இடைஞ்சலாகிவிட்டது. மக்களைக் கிளப்பி, தீவின் இன்னொரு கோடியில், சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றினார்கள். அந்த இடத்துக்கு வந்த பெயர் நியூபரோ. புதூர் என்று அர்த்தம்.

இப்போது, விட்டுப்போனது ஒன்று இருக்கிறது என்றேனே, அதற்கு வந்துவிட்டோம். உங்கள் படத்தில் கோட்டை இருக்கிறது, கொடி இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. கோட்டைக்கு முன்னால் என்ன இருக்கிறது? பச்சைக் கலரில் புல். அவ்வளவுதானே?

அந்தப் புல்லின் இடத்தில் என்ன இருந்தது என்பதைப் பார்க்க இன்னும் கொஞ்சம் பின்னால் போகலாம். கோட்டைகள் கல்லாக ஆவதற்கு முன், மண்ணாக இருந்த காலம்.

1066. பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து கோமகன் வில்லியம் கப்பல்களில் படையோடு வந்து இங்கிலாந்தில் இறங்கினார். ஹேஸ்டிங்ஸ் யுத்தத்தில் மன்னர் ஹரால்ட் கொல்லப்பட, நாடு வில்லியம் கைக்கு வந்தது. நாட்டில் சுமார் 20 லட்சம் ஜனங்கள். வந்தவர்களோ சில ஆயிரம் பேர். பாஷை தெரியாது. ஊர் தெரியாது. ராத்திரி கண்ணயர்ந்தால் காலையில் தலை இருக்குமா என்பதே சந்தேகம்.

அதற்கு அவர்கள் கையோடு கொண்டுவந்த பதில்தான் கேஸில். தமிழில் கோட்டை என்று நாம் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஓர் ஊரையே சுற்றி வளைத்து, ஜனங்களை உள்ளே வைத்துக் காப்பாற்றுகிற மதில் வேறு. அது ஆங்கிலேயர்களிடம் ஏற்கெனவே இருந்தது. கேஸில் என்பது ஒரு பிரபுவின் வீடு. அவரையும் அவர் ஆட்களையும் காப்பாற்றுவதற்கு. யாரிடமிருந்து? பெரும்பாலும், ஊர் ஜனங்களிடமிருந்து.

முறை எளிது. வட்டமாகப் பள்ளம் தோண்டு. தோண்டிய மண்ணை நடுவில் குன்றாகக் குவி. உச்சியில் மரக் கோபுரம். கீழே மர வேலி போட்ட முற்றம். கல் வேண்டாம், கொத்தனார் வேண்டாம். மண்வெட்டியும் ஆட்களும் போதும். ஆட்களுக்குக் கூலிகூட வேண்டாம். அக்கம்பக்கத்துக் கிராமத்தான் கழுத்தில் கத்தி வைத்தால் தன் தலைமேல் உட்காரப்போகிற கோட்டைக்குத் தானே மண் சுமப்பான். சில பத்தாண்டுகளில் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில் முளைத்துவிட்டன.

எங்கே கட்டினார்கள்? காலி மைதானம் தேடிப் போகவில்லை. ஊரை அடக்க வேண்டுமானால் ஊர் நடுவில்தானே உட்காரவேண்டும்? 1085-ன் கடைசியில் வில்லியம் தன் ராஜ்ஜியத்தின் சொத்துக்களையெல்லாம் கணக்கெடுக்கச் சொன்னார். யாரிடம் எத்தனை நிலம், எத்தனை கலப்பை, எத்தனை ஆலை. டூம்ஸ்டே புத்தகம் என்று அதற்குப் பெயர். வரி வசூலுக்கான லெட்ஜர். வராத வரியையும் எழுதித்தானே ஆகவேண்டும்? எழுதினார்கள். லிங்கன் நகரத்தில் 240 வீட்டு மனைகள் பாழ். அதில் 166, கோட்டைக்காக. மிச்சம் 74 ஏன் பாழ் என்றும் குமாஸ்தா சிரத்தையாகக் குறித்திருக்கிறார்: துரதிர்ஷ்டம், வறுமை, தீ. அதிகாரிகளின் கொடுமையால் அல்ல என்று ஒரு ஜாக்கிரதையான பின்குறிப்பு. நாரிச் நகரத்தில் கோட்டைக்காக 98 வீடுகள். கேம்பிரிட்ஜில் 27.

மூன்று ஊர்களில் மட்டும் 291. பச்சைக் கலரில் நீங்கள் போட்ட புல், இந்த வீடுகள் இருந்த இடம்.

இதையெல்லாம் பிஞ்சுக் குழந்தைகளுக்குச் சொல்லவேண்டுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஓவிய வகுப்பு குஷியாக இருக்கவேண்டிய இடம். அங்கே போய் இடித்த வீடு, எரித்த வீடு என்று பயமுறுத்துவானேன்? நியாயமான கேள்வி. கேள்விக்குப் பதில், ஏற்கெனவே ஒரு படமாக வரையப்பட்டிருக்கிறது.

பிரான்ஸின் பாயோ நகரத்தின் பெயரால் அறியப்படும் ஒரு துணி உண்டு. 70 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம். வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த கதை முழுக்கக் கம்பளி நூலில் தையல் வேலைப்பாடாக இருக்கிறது, காமிக்ஸ் மாதிரி. யுத்தம் முடிந்த சில ஆண்டுகளுக்குள், 1070-களில் செய்தது. செய்யச் சொன்னவர் வில்லியமின் தம்பி முறையான பிஷப் ஓடோ என்றும், தைத்த கைகள் இங்கிலாந்துக் கைகள் என்றும் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இப்படிப்பட்ட கோட்டைகளுக்கு நம்மிடம் இருக்கிற மிகப் பழைய படங்கள் அதில் இருப்பவைதான்.

பார்த்தால் ஆறு வயதுக் குழந்தை வரைந்தது போலவே இருக்கும். கோட்டையைவிட மனிதர்கள் பெரிசு. தூரம், கிட்டம் எதுவும் கிடையாது. ஹேஸ்டிங்ஸில் மண்குன்று எழும்புகிறது. கலர் கலராகப் பட்டை போட்டிருக்கிறார்கள். அலங்காரத்துக்கு மட்டும் இல்லை, அந்தக் குன்றுகளை அடுக்கு அடுக்காகத்தான் மண் கொட்டிக் கெட்டித்தார்கள். தைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆட்கள் மண் வெட்டுகிறார்கள். இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு மண்வெட்டியால் ஒருவர் மண்டையில் ஒருவர் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு மேஸ்திரி நின்று அதிகாரம் செய்கிறார். எந்த வகுப்பிலும் குழந்தைகள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள்.

கொஞ்சம் வலது பக்கம் நகர்ந்தால், இரண்டு பேர் தீப்பந்தம் பிடித்து ஒரு வீட்டைக் கொளுத்துகிறார்கள். வீட்டுக்குக் கீழே ஒரு பெண். ஓரத்துச் சின்னப் படங்களை விட்டுவிட்டால் அந்த 70 மீட்டரில் மொத்தமே மூன்று பெண்கள்தான். அதில் இவள் ஒருத்தி. பெயர் இல்லை. மேலே லத்தீனில், இங்கே ஒரு வீடு எரிக்கப்படுகிறது என்று மட்டும் தைத்திருக்கிறது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நிற்கிறது.

ஜெயித்தவருக்காகச் செய்த துணி அது. அவர் புகழ் பாடுவதற்காக. அதில்கூட யாரோ ஒருத்தர் இந்த இரண்டு பேரையும் விட்டுவிடவில்லை.

ஐரோப்பாவில் இப்போது இதைச் சொல்லிக்கொடுக்க நல்ல வழிகள் வந்துவிட்டன. டேவிட் மெக்காலே என்கிற ஓவியர் 1977-ல் 'கேஸில்' என்று ஒரு படப் புத்தகம் போட்டார். எட்வர்டின் வேல்ஸ் கோட்டைகளைப் பார்த்து உருவாக்கிய ஒரு கற்பனைக் கோட்டை. அஸ்திவாரத்திலிருந்து முற்றுகை வரை எல்லாம் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம். குழந்தைகள் கட்டடத்தின் காரணத்தைப் பார்க்கிறார்கள். பிரான்ஸில் கெதெலோன் என்கிற இடத்தில் 1997-ல் ஒரு கூட்டம் 13-ம் நூற்றாண்டு முறைப்படியே ஒரு நிஜக் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தது. கிரேன் கிடையாது, சிமென்ட் கிடையாது. அளப்பதற்கு சம இடைவெளியில் 13 முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. 3, 4, 5 என்று அதை முக்கோணமாக இழுத்துப் பிடித்தால் செங்கோணம் ரெடி. பள்ளிக் குழந்தைகள் கும்பல் கும்பலாக வந்து பார்க்கிறார்கள். உங்கள் வகுப்பில் ஸ்கேலுக்குப் பதில் ஒரு கயிறு கொடுத்துப் பாருங்கள். கணக்கு டீச்சரே எட்டிப் பார்ப்பார்.

இடைக்கால ஓவியர்களே இதை நன்றாகச் செய்தார்கள். 15-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லிம்பூர் சகோதரர்கள் பெர்ரி கோமகனுக்காக ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தில் மாதம் ஒரு படம் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அக்டோபர் மாதத்தில் பின்னால் பாரிஸின் லூவ்ர் கோட்டை பளபளவென்று நிற்கும். முன்னால் பாதிப் பக்கத்துக்கு ஒரு விவசாயி விதை தூவிக்கொண்டிருப்பான். பணம் கொடுத்தவர் கோமகன்தான். ஆனாலும் அந்தப் பாதிப் பக்கம் விவசாயிக்கு.

எனவே உங்கள் தாளைத் திரும்ப எடுங்கள். புதுசாக ஆரம்பிக்கலாம். இந்த முறை கோட்டையைத் தாளின் மேல் பாதியில் வரையுங்கள். தொப்பி வேண்டாம். பல்லுக்குப் பின்னால் ஓர் ஆள். ஜன்னலுக்குப் பதில் கோடு. மூலையில் உருண்டைக் கோபுரம்.

கீழ்ப் பாதியை அப்படியே விடுங்கள். பச்சை பென்சிலைத் தொடாதீர்கள். இங்கே யார் இருந்தார்கள் என்று மட்டும் குழந்தையிடம் கேளுங்கள். ஒரு குடிசை போடும். ஒரு மாடு போடும். மண் சுமக்கிற ஆள் போடும். அம்மா போடும். அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தையையும் அதுவாகவே போடும், பாருங்கள். அந்தத் துணியில் நிற்கிற குழந்தைக்கும் ஏறக்குறைய அதன் வயதுதான் இருக்கும்.